லினக்ஸ் கணினியும் ஒரு முகூர்த்த ரவிக்கையும்

மகனே,

பெங்களூரில் விடாத மழை என்று உன் அப்பா செய்தியில் பார்த்துச் சொன்னார். இங்கே ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் கலைந்த பின்னும் காற்று மட்டும் கலையவில்லை. சங்கரன்கோவில் தெருப்புழுதி முழுவதும் நம் வீட்டு விசைப்பலகையைத் தேடி வந்து அமர்கிறது. அதைத் துடைத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய்; கடிதத்தில் அதற்கு வழியில்லை. இதனுடன் ஒரு பொட்டலமும் வருகிறது. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காமல் வைத்திரு.

நிவேதாவைப் பெண் பார்க்க நாம் சிவகிரிக்குப் போன அன்று, பெரியவர்கள் எல்லாரும் மண்டபத்தைப் பற்றியும் சமையற்காரரைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, நான் அணிந்திருந்த ரவிக்கையின் கையில் இருந்த பூவேலையைத் தொட்டுப் பார்த்து, "அத்த, இது நீங்களே போட்டதா? என் முகூர்த்த ரவிக்கைக்கும் நீங்களே போடுதீங்களா?" என்று கேட்டாள். என்னிடம் ஒருவர் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டதைவிட, என் கைவேலையைக் கேட்டது எனக்குப் பெரிதாகப் பட்டது. போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிச்சி மொட்டுகளைக் கொடியில் கோத்ததுபோல் கையோரம் முழுவதும் வர வேண்டும் என்று தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அந்த மொட்டுத் தையல் அதுவரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவளிடம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள நாள் இருக்கிறது என்று எண்ணினேன்.

நான் எதையும் அப்படித்தான் கற்றிருக்கிறேன் என்பதை நீ அறிவாய். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது, படிப்பு நிற்கவில்லை. உன் பாடப்புத்தகங்களை உனக்கு முன்பாகவே படித்து வைத்தவள் நான். ஆரித் தையலைக் கற்றதும் நீ கொடுத்துவிட்டுப் போன அந்தப் பழைய கணினியில்தான். அதன் வேகம் குறைந்துவிட்டது என்று ஒரு பொங்கல் விடுமுறையில் லினக்ஸை அதில் ஏற்றிக் கொடுத்தாய். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம் என்று வைத்திருக்கும் அமைப்பு இது என்று அன்று நீ விளக்கியபோது எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கைப்பேசியில் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆரித் தையலில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குக் கீழே இடக்கை நூலைக் கொடுக்க வேண்டும். மேலே வலக்கை ஊசியை அரைச் சுற்றுத் திருப்பி அந்த நூலைக் கொக்கியில் எடுக்க வேண்டும். இரண்டு கைகளும் சட்டத்தில் இருக்கும்போது கண் மட்டும்தான் பாடத்தைப் பார்க்க முடியும். அந்த அரைச் சுற்று கைப்பேசியில் ஓர் எறும்பின் அசைவாகத் தெரிகிறது. நம் கணினித் திரையில் ஆசிரியையின் விரல் நகத்தின் ஓரம்வரை தெரியும்.

மொட்டுப் பாடத்தின் பாதியில் இருந்தபோதுதான் நீ அங்கிருந்தபடியே இந்தக் கணினியைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினாய். மறுநாள் பாடத்தைத் திறந்தால் கறுப்புக் கட்டம் மட்டும் இருந்தது. காணொளியை ஓட்டுவதற்குத் தேவையான கோடெக் இல்லை என்று ஒரு வரி. உன்னை அழைத்தேன்.

"நீ எதையும் தொடாதம்மா. ஞாயித்துக்கிழம நான் உள்ள வந்து பாக்கேன்" என்றாய்.

பெங்களூரிலிருந்தே இணையம் வழியாக உள்ளே வந்தாய். என் கை சுட்டியின் மேல் இருக்க, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. கறுப்புச் சாளரம் ஒன்று திறந்தது, எழுத்துகள் ஓடின, மூடிக்கொண்டது, காணொளி ஓடியது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மைனி, உங்க பொட்டிக்குச் சாமி வந்திருக்கா?" என்று கேட்டாள். அப்போதைக்கு வேறோர் உலாவியை வைத்து ஓட்டிவிட்டுப் போயிருக்கிறாய் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மேம்படுத்தலில் அதுவும் நின்றுபோயிற்று. மீண்டும் அழைத்தேன். உனக்கு வேலை மிகுதி. அந்த ஞாயிறு அடுத்த ஞாயிறு ஆனது. என்னதான் செய்தாய், சொல், நானே செய்துகொள்கிறேன் என்றேன். "அது உனக்குப் புரியாதும்மா" என்றாய். நீ அதைக் கடுமையாகச் சொல்லவில்லை, களைப்பில் சொன்னாய். ஆயினும் அன்று ஊசியைச் சட்டத்தில் குத்தி வைத்த எனக்கு, அதை மறுபடி எடுக்கச் சற்று நேரமாயிற்று.

அந்த வாரமே நிவேதா பெங்களூரில் தன் விடுதியிலிருந்து அழைத்தாள். "அத்த, நீங்க சிரமப்படாதீங்க. இங்கன கடையில எடுத்துக்கிடலாம்னு அவங்க சொன்னாங்க" என்றாள். அவங்க என்றால் நீ. அவள் குரலில் ஆசையும் தயக்கமும் சம பங்காக இருந்தன. என் வாக்கை நீ எனக்காகத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாய். ரவிக்கையின் ஒரு கை முடிந்து, அடுத்த கை வெறும் கோட்டுப் படமாகச் சட்டத்தில் கிடந்தது; அதில் மொட்டுகள் எதிர்த்திசையில் திரும்ப வேண்டும், அது பாடத்தின் மீதிப் பாதியில் இருந்தது. "கடையில் எடுக்க வேண்டாம் அம்மா, என் வாக்கு வாக்குத்தான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

உன் அப்பாவின் யோசனைப்படி கணினிப் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அண்ணாச்சி நல்லவர். பெட்டியை இயக்கிப் பார்த்ததும், "எக்கா, இது படிச்ச ஆளுக வச்சு விளையாடுற சாமான். இதுல வீடியோ பாக்கணும்னு ஏன் மல்லுக்கட்டுதீங்க? எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். அழித்தால் அதில் நான் எழுதி வைத்திருக்கும் தையல் குறிப்புகள் என்ன ஆகும் என்று கேட்டேன். "போயிரும்" என்றார். கூடவே, "புதுசா எழுதிக்கிடலாம்லா?" என்றும் சேர்த்துக்கொண்டார். பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன். வீடு நெருங்கும்போது உன் அப்பா, "ரெண்டு டிக்கெட்டு வேஸ்ட்டு" என்றார். நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவருக்குக் கணக்கு பயணச்சீட்டில்தான்.

மகனே, நம் வீட்டில் அன்பு பெரும்பாலும் "தொடாதே" என்ற சொல்லில்தான் வெளிப்பட்டிருக்கிறது. உன் அப்பா மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருந்த ஒரு சமயம், உலையில் அரிசி பாதி வெந்திருக்கையில் எரிவாயு தீர்ந்தது. உருளையை மாற்றுவது அவர் வேலை. நான் அதன் பக்கம் போகவே அவர் விட்டதில்லை. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. பசி பசி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நிறைந்த உருளை கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அதைப் பொருத்தத் தெரியாமல் ஒரு வீட்டின் தலைவி நின்றுகொண்டிருந்தாள். பிறகு அமர்ந்து, பழைய உருளையிலிருந்து ரெகுலேட்டர் எப்படிக் கழன்றது என்பதைப் பார்த்துப் பார்த்து, அதே வழியில் புதியதில் பொருத்தினேன். திரும்பி வந்தவர், "வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? உன்ன யாரு தொடச் சொன்னா?" என்று இரண்டு நாள் கோபமாக இருந்தார். அவர் கோபத்தில் அன்பே இருந்தது. ஆனால் அந்த அன்பை நம்பி நான் இருந்திருந்தால் அன்று நீ பட்டினி கிடந்திருப்பாய்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில், தெருவே நம் வீட்டில் படம் பார்க்க வந்திருக்க, ஓடிக்கொண்டிருந்த விசிடி பிளேயர் நின்றது. மறுநாள் நீ அதைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தாய். அப்பா வரும் நேரம். "ஏலே, அவரு வரதுக்குள்ள பூட்டிருவியா?" என்று கேட்டேன். "பூட்டிருவேம்மா" என்றாய். நான் வாசலில் நின்று அவரை மளிகைக் கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவரைப் பூக்கடைக்கு அனுப்பினேன். நீ பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. ஆனால் படம் ஓடியது. அந்தத் திருகாணி இன்னமும் என் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடக்கிறது. அன்று நான் "தொடாதே" என்று சொல்லியிருந்தால், இன்று நீ பெங்களூரில் உட்கார்ந்து என் அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருக்க மாட்டாய். உனக்குக் கொடுத்த அந்த உரிமையை எனக்கு நானே கொடுத்துக்கொள்வது என்று ஆட்டோவிலிருந்து இறங்கும்போது முடிவு செய்தேன்.

லினக்ஸ் பயனர்கள் ஒருவருக்கொருவர் உதவும் தமிழ்த் தளம் ஒன்றைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தேன். "மதிப்பிற்குரியீர்" என்று தொடங்கி என் நிலைமையை முறையாக விளக்கி எழுதினேன். ஒருவரிடமிருந்து மறுமொழி வந்தது: "அம்மா, திரையில் என்ன வரி வருகிறதோ, அதை அப்படியே எழுதுங்கள்." எழுதினேன். காணொளி சுருக்கிப் பூட்டிய பெட்டி போன்றது, கோடெக் அதன் திறவுகோல், சில திறவுகோல்களை உரிமச் சிக்கலால் அமைப்போடு சேர்த்துத் தராமல் தனியே வைத்திருப்பார்கள், நாமே கேட்டு வாங்க வேண்டும் என்று பொறுமையாக எழுதினார். பிறகு முனையத்தில் இட வேண்டிய கட்டளையைத் தந்து, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்றும் எழுதினார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பதுகூட எனக்குத் தெரியாது. உன்னைவிட அவர் அறிவாளி என்று நான் சொல்ல வரவில்லை. என் சுட்டியை அவரால் பிடிக்க முடியாது. ஆகவே அவர் சொல்லித்தர வேண்டியதாயிற்று. உன்னால் பிடிக்க முடியும். ஆகவே நீ சொல்லித்தரவில்லை. வேற்றுமை அவ்வளவே.

முனையம் என்பது நீ திறந்து மூடிய அதே கறுப்புச் சாளரம். அதைத் திறந்ததும் என் கை பழக்கத்தால் தமிழுக்கு மாற்றி, முதலில் பிள்ளையார் சுழியை இட்டது. எந்தத் தாளிலும் உ போடாமல் நான் ஒன்றையும் தொடங்கியதில்லை. நுழைவு விசையைத் தட்டினேன். அடுத்த கணமே விடை வந்தது: உ, அப்படியொரு கட்டளை காணப்படவில்லை. செல்லம்மாள் பக்கத்தில்தான் இருந்தாள். "மைனி, பிள்ளையாரையே தெரியாதுங்கு. இது வேற ஊர்ப் பொட்டி" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த விடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் தவறாக ஒன்றை இட்டேன், எதுவும் வெடிக்கவில்லை, எதுவும் அழியவில்லை, எனக்குப் புரியவில்லை, வேறு சொல் என்று மரியாதையாக ஒரு வரி. இத்தனை நாள் நீ தொடாதே என்று காத்த அந்த இடத்தில், கேட்டால் பதில் சொல்லும் ஒன்று இருந்திருக்கிறது. என் அச்சம் அந்த ஒரு வரியில் போயிற்று.

கட்டளையை எழுத்தெழுத்தாக இட்டேன். கடவுச்சொல் கேட்டது. தட்டினால் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. புழுதி ஏறி விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணி அதைக் கவிழ்த்துத் தட்டிச் சுத்தம் செய்தேன். பிறகே, கடவுச்சொல் அங்கே கண்ணுக்குத் தெரியாமல்தான் விழும் என்று தளத்தில் படித்தேன். தெரியாமலே தட்டினேன், ஏற்றுக்கொண்டது. வரிகள் ஓடின. நடுவில் உரிம ஒப்பந்தம் என்று ஒரு பக்கம் வந்து அப்படியே நின்றுவிட்டது. கீழே 'ஓக்கே' என்னும் சம்மதப் பொத்தான் தெரிகிறது. சுட்டியால் தொட்டால் அசைய மறுக்கிறது. அதற்குள் மின்சாரம் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓக்கேன்னு போட்டுத்தான இருக்கு, அமுக்கு" என்றார்.

"அமுங்க மாட்டேங்குதே."

"கண்டக்டர் விசில் அடிக்காம வண்டி நவராதுல்லா. எது விசிலோ, ஒவ்வொன்னாத் தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார் என்று உன் அப்பா சொன்னார், மகனே. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தான் சொன்னதை உணராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பு விசையைத் தொட்டேன், பக்கம் நகர்ந்தது. டேப் விசையைத் தொட்டேன். சம்மதப் பொத்தான் சிவந்தது. நுழைவு விசை. வண்டி கிளம்பிற்று. எல்லாம் இறங்கி முடிந்ததும் உலாவியை மூடித் திறந்தேன். கறுப்புக் கட்டம் இருந்த இடத்தில் ஆசிரியையின் விரல்கள் வந்தன. "இப்ப ஊசிய மெதுவாத் திருப்பி மேல எடுங்க" என்ற அவர் குரல், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. அன்றே இரண்டாவது கைக்கு முதல் மொட்டைப் போட்டேன்.

இப்போது நான் எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்கிறேன். நீ அங்கிருந்து உள்ளே வருவதற்காக வைத்திருந்த செயலியை நீக்கிவிட்டேன். உன்மேல் உள்ள கோபத்தால் அல்ல. இந்தக் கணினி என் மேசையில் இருக்கிறது. இதன் அம்புக்குறி என் கைக்குக் கட்டுப்பட்டே நகர வேண்டும். எனக்கு இடர் வரும். இன்னும் பல வரும். அப்போது உன்னை அழைப்பேன். அழைக்கும்போது நீ சொல்வாய், நான் செய்வேன். உனக்குப் பத்து மடங்கு நேரமாகும். அந்த நேரத்தை எனக்குக் கொடு. அம்மாவுக்குப் புதுச் சேலை வேண்டுமா, பெரிய திரை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாயே, எனக்கு வேண்டியது அதுதான். திருமணத்திற்குப் பின் அப்பாவும் நானும் உங்களோடு வந்துவிட வேண்டும், இங்கே தனியாக எதையும் சமாளிக்க முடியாது என்று நீ சொல்லி வருவதற்கும் இதுவே என் விடை. வருவோம், விருந்தினராக. இருந்துவிட மாட்டோம்.

நாளை நீ ஒருத்தியின் கணவன். நீ விரைவானவன், உன் கை எதையும் சட்டென்று முடித்துவிடும். அதனால்தான் அஞ்சுகிறேன். நிவேதா ஒன்றை மெதுவாகச் செய்வாள், தவறாகவும் செய்வாள். "தள்ளு, நான் பண்ணித் தாரேன்" என்ற சொல் உன் நாவின் நுனியில் வந்து நிற்கும். அது அன்பாகவே தோன்றும். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஒரு முறை பிடுங்கினால் ஒரு வேலை முடியும். ஒவ்வொரு முறையும் பிடுங்கினால், நிறைந்த உருளையின் முன்னால் ஒருத்தி கைகட்டி நிற்பாள். நீயும் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியவை இருக்கும். அவளும் உன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்காமல் இருக்க வேண்டும். அதை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பாவுக்கு இந்த வாரம் காப்பி போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பால் ஒரு நாள் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், எளிதாக இல்லை.

இனிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். நீ பிரிக்காதே, நிவேதாவிடம் கொடு. இரண்டு கைகளும் முடிந்துவிட்டன. இடக்கையின் உள்பக்கத் தையலோரத்தில் ஒரே ஒரு மொட்டு மட்டும் வெறும் கோடாக இருக்கும். மறந்துவிடவில்லை. அதை எனக்கும் கத்துத் தாங்க அத்த என்று போன வாரம் அவள் கேட்டாள். ஆகவே அவளுக்காக விட்டிருக்கிறேன். ரவிக்கை தைத்து முடிந்துவிட்டதால் இனிச் சட்டத்தில் மாட்ட முடியாது; ஆரி ஊசி வேண்டாம், சாதாரண ஊசியே போதும். நூல் கோத்து உள்ளேயே குத்தி வைத்திருக்கிறேன். அதே மொட்டைச் சாதாரண ஊசியில் போடும் பாடக் காணொளியின் முகவரியை அவளுக்கு அனுப்பியாயிற்று. அவள் கணினியில் அது ஓடாவிட்டால் என்னை அழைக்கச் சொல்.

அவள் போடும் மொட்டு கோணலாகத்தான் வரும். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. உன் கை உன் மடியில் இருக்கட்டும்.

உன் அம்மா